முழு பிளேடு

அத்தியாயம் பதினேழு

அந்த வீட்டில் திறந்த பிளேடு கூடாது என்று சட்டம் போட்டவர் வீட்டுத் தலைவர்தான். இரண்டு வாரத்துக்கு முன், சாப்பாட்டு மேசையில். நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?

மனைவியின் தங்கை, தப்பாகத் தைத்ததைப் பிரிக்க ஒரு பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அரை மணி நேரம் பேசினார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. பேசச் சொல்லித் தர வேண்டுமா?

"வீட்ல திறந்த பிளேடு இருக்கக் கூடாதுன்னா, முதல்ல அத்தானைத்தான் வெளிய அனுப்பணும்" என்று அவள் சொல்ல, அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர். உடம்பும் அப்படி, வாயும் அப்படி.

கணவனை விட்டு வந்து எட்டு மாதம். அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. "உனக்கு எதுதான் உருப்படியா வந்திருக்கு?" என்று தினமும் கேட்டான், அவ்வளவுதான். பால் பொங்கினால் கேட்டான், சாவி தொலைந்தால் கேட்டான், துணி காயப் போட்ட அன்று மழை பெய்தாலும் கேட்டான். ஆறு வருடம் கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பத் தொடங்கியபோது, பயந்துபோய் அக்கா வீட்டுக்கு வந்தாள். இன்னமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் வரும். "உன் தப்பை ஒத்துக்கிட்டு வா. நான் பெருசா எடுத்துக்க மாட்டேன்."

அவனுக்குச் சொல்லும் பதிலாகத்தான் இந்தப் புதன்கிழமையை அவள் வைத்திருந்தாள். விழா உடைகள் தைக்கும் பெரிய கடையில், பகல் பதினோரு மணிக்குக் கைத்தையல் சோதனை. காலியாக இருப்பது ஒரே ஒரு இடம்.

இனி புதன்கிழமை காலை ஆறரை மணி.

---

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அதிகாரி கீஸருக்கு மேலே கையை விட்டார். ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கனமான, பளபளக்கும் இரும்பு ரேசர்.

பதினெட்டு வருடமாக அவர் பயன்படுத்தியது ஐந்து பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ். அழுத்தி இழுத்தால் போதும், வேலை முடிந்துவிடும். ஆனால் கழுத்தெல்லாம் சிவந்து சிவந்து கொப்புளம். "என்ன அத்தான், கழுத்துல கடுகு விதைச்சிருக்கீங்களா?" என்று ஊசி ஒருநாள் கேட்டதில் மானம் போயிற்று. தோல் மருத்துவரிடம் ஓடினார்.

"முடியை இழுத்து இழுத்து வெட்டுது சார், அது உள்ளயே வளருது. ஒத்தை பிளேடு போதும். பழைய மாடலுக்கு மாறுங்க. அழுத்தாதீங்க, அதோட கனமே வெட்டும்."

மாறினார். யாரிடமும் சொல்லாமல். முதல் நாளே தாடையில் இரண்டு வெட்டு. பரு கிள்ளிவிட்டது என்றார் மனைவியிடம்.

ஆக, சாப்பாட்டு மேசையில் சட்டம் போட்ட அன்றைக்கே, அவருடைய கீஸர்மேல் பத்து பிளேடு இருந்தது. தன் தாடையில் படித்த பாடத்தைத்தான் ஊசிக்கு அவ்வளவு உருக்கமாக நடத்தினார். எங்கே படித்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

பழைய பிளேடுகளை வீட்டில் போடவும் மாட்டார். மெழுகுத்தாளில் மடித்து, சட்டைப்பையில் வைத்து, தொழிற்சாலையில் கூர்மையான கழிவுக்கென்று இருக்கும் பெட்டியில் போட்டுவிடுவார். மூன்று வாரமாக ஒரு பிசகில்லை.

இன்று பிளேடு மாற்ற வேண்டிய நாள். கைப்பிடியைத் திருகி, தலையைக் கழற்றி, பழைய பிளேடை எடுத்து ஒரு காகிதத்தில் வைத்துத் துடைக்கத் தொடங்கினார்.

கதவு தடதடத்தது.

"அத்தான், உள்ள குடித்தனமே வச்சுட்டீங்களா? பரீட்சை எனக்கு, உங்களுக்கு இல்ல!"

"இதோ, வந்துட்டேன்!"

ரேசர் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி கீஸர்மேல் போயிற்று. கையிலிருந்த காகிதம், பதினெட்டு வருடமாகத் தீர்ந்த கார்ட்ரிட்ஜைப் போட்ட அதே பழக்கத்தில், மூலையிலிருந்த குப்பைக்கூடைக்குள் போயிற்று. அவருடைய கைதான் போட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

---

ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பெரிய அலறல் இல்லை. "ஸ்ஸ்..." என்று ஒரு மூச்சு, பிறகு, "அக்கா, சீக்கிரம் வா."

குளித்து முடித்தவள், தினமும் செய்வதுபோலக் குளியலறைக் குப்பையைக் கட்டி வெளியே வைக்கப் பார்த்திருக்கிறாள். பை நிரம்பி வழிந்தது. கையால் ஓர் அமுக்கு அமுக்கியிருக்கிறாள்.

வலது ஆள்காட்டி விரல். நுனியிலிருந்து குறுக்கே ஆழமாக இறங்கியிருந்தது. தையல் ஊசி பிடிக்கும் இடம்.

தரையில் ரத்தம். ரத்தத்தின் நடுவில் பிளேடு.

அதிகாரி குளியலறை வாசலில் ஒரு காலில் ஷூவோடு நின்றார். பார்த்த கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பிளேடா? உன் பிளேடு இங்க எப்படி வந்துச்சு?" அக்கா துண்டை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"தெரியலக்கா... நேத்து பாவாடை ஓரம் பிரிச்சேன். வெட்டுத்துணியோட சேத்து அள்ளிப் போட்டுட்டேனோ என்னவோ..." ஊசி துண்டில் ஊறிய ரத்தத்தைப் பார்த்தாள். "இன்னைக்குப் போய்... எனக்கு மட்டும் ஏன்கா இப்படி?"

இப்போது சொல்லிவிட வேண்டும். அவர் வாயைத் திறந்தார்.

வாயைத் திறந்ததும் வந்தது வேறு. தொழிற்சாலையில் வருடத்துக்கு நூறு முறை சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம், தானாகவே வந்து விழுந்தது.

"எத்தனை தடவை சொன்னேன்?"

வாயாடி ஊசி, அவரை ஒரு வார்த்தை பேசவிடாதவள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப இது ரொம்ப முக்கியமா? நகருங்க" என்று மனைவி அவரைத் தள்ளிக்கொண்டு தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வாசலில் திரும்பி, "நீங்களும் வர்றீங்களா?" என்றாள்.

"இன்னைக்கு ஒரு விசாரணை இருக்கு" என்றார்.

இருந்தது. அது பொய்யில்லை. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான் என்பது அவருக்கே உறைத்தது.

---

விசாரணை பேக்கிங் பிரிவில். முந்தின நாள், யாரோ அட்டை வெட்டும் கத்தியை மூடாமல் மேசையில் வைத்துவிட்டார்கள். இன்னொருவரின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. இம்மாதிரி விசாரணைகள் வழக்கமாக இரண்டு நாள் இழுக்கும். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்றைக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"நான்தான் சார் வச்சேன்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பேக்கர். ஐம்பது வயதிருக்கும். "டீக்கு மணி அடிச்சுது. கத்தியை மூட மறந்துட்டேன்."

"யாரும் உங்களைப் பார்க்கலையே?"

"அவன் கையைப் பார்த்தேனே சார். அதுக்கப்புறம் யாரு பார்த்தா என்ன?"

அதிகாரி படிவத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். விதிப்படி இரண்டு நாள் பணி இடைநீக்கம். பேனா நகரவில்லை. எழுதாமல் விடவும் துணிச்சல் வரவில்லை. எழுதினார்.

"சரி சார்" என்று பேக்கர் எழுந்தார். கதவருகே போனவர் நின்றார். "கேட்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஒத்தை பிளேடு ரேசருக்கு மாறிட்டீங்களா? கழுத்து சுத்தமாயிடுச்சே!"

"ம்."

"நானும் அதேதான் சார். சும்மா சொல்லக்கூடாது, வழவழன்னு இருக்கும். ஆனா தீர்ந்த பிளேடை மட்டும் ஒரு பவுடர் டப்பாவுல ஓட்டை போட்டு, அதுல போட்டு வைங்க. வீட்ல பொம்பளைங்க குப்பை அள்ளுவாங்க, பாருங்க."

இவ்வளவு நல்ல யோசனையைப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லிவிட்டு, தண்டனை வாங்கிய மனிதர் சிரித்த முகத்தோடு போய்விட்டார். கழுத்து வழவழவென்றுதான் இருந்தது. அதைத் தொடவே கூசியது அவருக்கு.

கைப்பேசியில் ஊசியின் குரல் பதிவு காத்திருந்தது.

"அத்தான், மூணு தையல். தையல்காரிக்கே தையலான்னு டாக்டர் ஜோக் அடிக்கிறார், நான் சிரிக்கணுமாம். அப்புறம்... ஸாரி அத்தான். நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நான்தான் உங்களைக் கேலி பண்ணிட்டு இருந்தேன். எதுக்கும் அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

ஒருமுறைதான் கேட்டார். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

---

மதிய இடைவேளையில் கடைக்கு ஓடினார். ஊசி ஏற்கெனவே போய்விட்டிருந்தாள்.

மாடியில் நீளமான மேசை. இருபது பெண்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒரே வெள்ளைத் துணியில் மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் ஒரு முனையில், மேற்பார்க்கும் மாஸ்டரம்மா. கழுத்தில் அளவு நாடா, வாயில் நாலைந்து குண்டூசி.

"காலையில விரல்ல கட்டோட ஒரு பொண்ணு வந்திருக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"வந்துச்சு. அனுப்பிட்டேன்."

"கை ஆறிட்டா நல்லா தைப்பாம்மா."

"விரல் கிழிஞ்சது எனக்கு ஒரு விஷயமே இல்ல சார். இங்க எல்லார் விரலும் சல்லடைதான். எப்படி ஆச்சுன்னு கேட்டேன். 'என் பிளேடை நானே குப்பையில போட்டு, நானே கையை விட்டேன், எனக்கு எப்பவும் இப்படித்தான்'னு சொல்லுது. இருபது பேர் நெருக்கி உக்கார்ற மேசை. தன் பிளேடை எங்க வச்சோம்னு தெரியாத பொண்ணை நடுவுல எப்படி உக்கார வைப்பேன்?"

"அது அவ பிளேடு இல்ல" என்றார். "என்னுது. நான் ஷேவ் பண்ற பிளேடு. நான்தான் கூடையில போட்டேன்."

சொல்லிவிட்டார். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! அதுவே சந்தேகமாக இருந்தது.

மாஸ்டரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையிலிருந்த சின்னப் பஞ்சு மெத்தையில் குத்தினாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும்... இல்ல."

"நல்லாருக்கு. ஊர் பேர் தெரியாத எனக்குத் தெரியுது. கையை அறுத்துக்கிட்ட பொண்ணுக்குத் தெரியல."

மேசையில் ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். அவருக்குக் காது மடல் சுட்டது.

"எடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கல" என்றாள் மாஸ்டரம்மா, குரலைத் தாழ்த்தி. "கை ஆறினதும் வரலாம். ஆனா அதுவா வரணும். 'அது என் தப்பில்ல'ன்னு அது வாயால சொல்லணும். நீங்க சிபாரிசு பண்ணி அனுப்புற பொண்ணு எனக்கு வேண்டாம். போய் உங்க வேலையைப் பாருங்க."

தெருவுக்கு வந்து கைப்பேசியில் ஊசியின் எண்ணை அழுத்தினார். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டார். இதையெல்லாம் நேரில் சொல்வதுதான் முறை என்று தோன்றியது.

நேரில் சொல்ல நினைத்தவர் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். தொழிற்சாலைக்குத்தான் போனார். சாயங்காலம் ஐந்து மணி வரை, யாரும் கேட்காத ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

---

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் அச்சுப்படிகளைப் பரப்பி வைத்திருந்தாள். பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். சிவப்புப் பேனா மூடியிருந்தது. படிகளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் கழுவப்படாத அந்த பிளேடு.

"உக்காருங்க" என்றாள். "இதுல என்ன தப்புன்னு பாருங்க."

அவர் உட்கார்ந்தார். தாளைப் பார்க்கவில்லை.

"தையல்காரங்க முழு பிளேடை வச்சு வேலை செய்ய மாட்டாங்க. ரெண்டு பக்கமும் வெட்டும். நீளவாக்கில ரெண்டா ஒடிச்சு, பாதியைத்தான் வச்சுப்பாங்க. அவ டப்பாவைத் திறந்து பார்த்தேன். அத்தனையும் பாதி." மனைவி தாளை அவர் பக்கமாக நகர்த்தினாள். "இது முழுசு. ஓரத்துல சோப்பு காஞ்சிருக்கு. முடியும் ஒட்டிக்கிட்டிருக்கு. அதுல ரெண்டு நரை."

"எப்ப தெரிஞ்சுது?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து தரையைக் கழுவும்போது."

"அவகிட்ட...?"

"நான் சொன்னா அது கோள் சொல்றது. நீங்க சொன்னாத்தான் அது ஒத்துக்கறது." அவள் குரல் உயரவேயில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "பருன்னு சொன்னீங்களே, அது போகட்டும். உங்க மூஞ்சி, உங்க ரேசர். பதினாலு வருஷத்துல உங்க மேல கோவம் வந்திருக்கு, சலிப்பு வந்திருக்கு. இன்னைக்குத்தான் உங்களைப் பார்க்கவே கூச்சமா இருக்கு."

அவர் எழுந்தார். "எங்க அவ?"

"உள்ள பையில துணி அடுக்கறா. ஒத்தைக் கையால." மனைவி இப்போதுதான் தடுமாறினாள். "கடையிலேர்ந்து வந்து நேரா அவனுக்கு ஃபோன் போட்டிருக்கா. 'நீங்க சொன்னது சரிதான், எனக்கு எதுவும் உருப்படியா வராது, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காதுலயே வாங்கல. ஆறு மணிக்கு வர்றானாம்."

சுவர்க் கடிகாரத்தில் ஆறடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அறைக் கதவை நோக்கி அவர் இரண்டடி வைத்தார்.

வாசல் மணி அடித்தது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். எதிலும் தாமதிக்காதவன்.

---

"என்ன சகலை, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?" ஊசியின் கணவன் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். "எங்க உங்க மச்சினி? குப்பைக்கூடையில கையை விட்டாளாமே! நான் சொன்னா எல்லாரும் என்னைக் கெட்டவன்னீங்க. எட்டு மாசம் வச்சிருந்து பார்த்துட்டீங்க. இப்ப புரியுதா?"

ஊசி அறையிலிருந்து வந்தாள். இடது கையில் பை, வலது கையில் வெள்ளைக் கட்டு. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதிகாரியின் மனம் கணக்குப் போட்டது. இவன் முன்னாலா? வேறு யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாம், இவன் முன்னாலா? ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். நாளைக்கு அவளிடம் தனியாக ஃபோனில் சொல்லிக்கொள்ளலாமே.

நாளைக்கு அவள் அந்த வீட்டில் இருப்பாள்.

"அந்த பிளேடு அவளோடது இல்ல" என்றார்.

சாவி சுழல்வது நின்றது.

"என்னோடது. மூணு வாரமா யாருக்கும் தெரியாம அந்த மாதிரி பிளேடு போட்ட ரேசர்லதான் ஷேவ் பண்றேன். காலையில கூடையில போட்டது நான். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

இந்த முறை சுலபமாக வரவில்லை.

சகலை வாய்விட்டுச் சிரித்தான். "பாதுகாப்பு அதிகாரி! ஊருக்கெல்லாம் ஹெல்மெட் மாட்டிவிடற ஆளு! பிரமாதம் சகலை." சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசி பக்கம் திரும்பினான். "சரி, யாரோட பிளேடா இருந்தா என்ன? குப்பையில கை வைக்கிறப்போ பார்த்து வைக்க வேண்டியது நீதானே? கிளம்பு, லேட்டாகுது."

ஊசி தலை நிமிர்ந்தாள். அவனை ஒரு கணம், ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"அத்தான், காலையில 'எத்தனை தடவை சொன்னேன்'னு கேட்டீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் மெல்லத் தலையசைத்தாள். கோபப்படுவாள், கேலி செய்வாள் என்று காத்திருந்தார். அதில் ஏதாவது ஒன்றுக்கு ஏங்கினார்.

"இவர் ஆறு வருஷமா திட்டினார். எல்லாமே என் தப்புன்னு நிஜமாவே நம்பித் திட்டினார்" என்றாள். "நீங்க தெரிஞ்சே திட்டினீங்க."

அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஊசி பையை எடுத்துக்கொண்டு இருவரையும் கடந்து போனாள். "அப்படி வா வழிக்கு" என்று சகலை சாவியை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே படியிறங்கினான். மனைவி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பால்கனிக்கு ஓடினார்.

கீழே சகலை முந்திக்கொண்டு போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தான். ஊசி திறந்த கதவைத் தாண்டி நடந்தாள். நிற்கவில்லை, திரும்பவில்லை. அவன் ஏதோ கத்தினான்.

"கடையில எடம் இன்னும் இருக்கு!" என்று மேலேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். தொண்டை வரை வந்தது. 'அதுவா வரணும்' என்று மாஸ்டரம்மா சொன்னது அதைப் பிடித்து நிறுத்தியது. தவிர, தான் சொல்வதை அவள் இனி எதற்காக நம்ப வேண்டும்?

தெருமுனையில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பேருந்து நிலையம், வலப்பக்கம் அந்தத் தையல் கடை இருக்கும் கடைத்தெரு. அவள் முனையை எட்டிய நேரம், ஒரு பெரிய லாரி குறுக்கே வந்து நின்று அவளை மறைத்தது. மனைவி ஒரு கையில் செருப்போடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

லாரி நகர்ந்தபோது, முனையில் ஊசி இல்லை.